சாமி செலவுல என்ன கண்டோம்? எங்க வீட்டு கணக்கு நோட்டுல இருந்து

எங்க வீட்டுல வரவு செலவு எழுதுறது நான்தான். நெல்லை டவுண்ல ஒரு பாத்திரக் கடையில பில்லிங், அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், அதனால கை சும்மா இருக்காது. பால், கரண்ட் பில், காலேஜ் பீஸ், சீட்டுப் பணம், இதோட சாமிக்குன்னு தனியா ஒரு பக்கம் உண்டு. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவில் போன வேன் வாடகை, அம்மன் கோவில் கொடைக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, குடுத்த வரி, வெள்ளிக்கிழமை பூ, ஆடி அமாவாசைக்கு பாபநாசம் போயிட்டு வந்த செலவு எல்லாம் அங்கதான் இருக்கும். பெரியவன் இன்ஜினியரிங் சேர்ந்த பிறகு ஒரு நாள் அந்தப் பக்கத்தப் பொரட்டிட்டு "எம்மா, இவ்வளவு போட்டுருக்கியே, ரிட்டர்ன் என்ன வந்துச்சு"ன்னு கேட்டான். கேலியாத்தான் கேட்டான். ஆனா எனக்கு கோவம் வரல, கணக்கு எழுதுறவகிட்ட கேக்கவேண்டிய கேள்விதான் அது.

கேட்டது கிடைச்சுதான்னு மட்டும் பாத்தா அந்தப் பக்கம் சுத்த நஷ்டம். தம்பிக்கு கவர்மெண்ட் வேலை கேட்டு அம்மா செவ்வாக்கிழமை விரதம் இருந்தா, அவன் பெங்களூருல கம்பெனி வேலைக்குப் போனான். சின்னவளுக்கு மெடிக்கல் சீட்டு கேட்டோம், கிடைக்கல. இத நான் மறைக்க விரும்பல, ஏன்னா "வேண்டினேன் நடந்துச்சு"ன்னு எழுதுறவங்க நிறைய பேரு, வேண்டி நடக்காதத யாரும் எழுதுறதில்ல. அப்புறம் ஏன் அந்தப் பக்கத்த இன்னும் மூடாம வச்சுருக்கேன்னா அதுக்கு அப்பா விழுந்த கதையச் சொல்லணும்.

அப்பா அம்மா ரெண்டு பேரும் சேரன்மகாதேவி பக்கம் கிராமத்துல இருந்தாங்க. அன்னைக்கு ஊர்ல ஒரு சடங்கு வீடு, நாங்களும் போயிருந்தோம். காலைல காப்பி தம்ளர எடுத்தவரு வலது கையில பிடிக்க முடியாம நழுவ விட்டுட்டாரு, வேட்டியெல்லாம் காப்பி, என்னப்பான்னு கேட்டா வாய் ஒரு பக்கமா இழுக்குது, பேச்சு வரல, சத்தம் மட்டும் வருது. பெரியப்பா பாத்ததும் "ஏதோ காத்து பட்டுருக்கு, நேத்து உச்சி நேரத்துல வயக்காட்டுக்குப் போனாம்லா, சுடலை கோவில் கோமரத்தாடிய கூப்பிடு"ன்னு ஆள அனுப்பிட்டாரு. நான் கார் தேடி ஓடுறேன், வீட்டுல பாதிப்பேரு அவரு வரட்டும்னு நிக்காவ.

கோமரத்தாடி, அதாவது சாமியாடி, டிவிஎஸ் ஃபிஃப்டியில வந்தாரு. மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு, கொடையில சாமி வந்து ஆடும்போது பாத்தா நமக்கே உடம்பு நடுங்கும், ஆனா சாதாரண நாள்ல ரொம்ப நிதானம். அப்பா முகத்த ஒரு நிமிஷம் பாத்தாரு. வலது கையத் தூக்கச் சொன்னாரு, தூக்க முடியல. "ஏ அண்ணாச்சி, இது காத்தும் இல்ல கருப்பும் இல்ல. எங்க மச்சானுக்கு இப்படித்தான் வந்துச்சு, மூளைக்கு ரத்தம் போற சமாச்சாரம். எதுக்கு நிக்கிய? வண்டிய எடுங்க, திருநீற வண்டியில வச்சு பூசுதேன்"னு சொல்லிட்டு அவரே முன் சீட்டுல ஏறிட்டாரு. பாளையங்கோட்டை போற வரைக்கும் அப்பா நெத்தியில கைய வச்சுக்கிட்டே வந்தாரு.

ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசியா எத்தன மணிக்கு நல்லா இருந்தாரு? பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் உண்டாம், அதுக்கு முன்னால ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லன்னு பாக்கணும். நாங்க நேரத்துக்குள்ள போயிட்டோம், ஊசி போட்டாங்க. உயிர் தங்கிச்சு, கால் ஓரளவு வந்துச்சு, பேச்சும் வலது கையும்தான் ரொம்ப நாள் வரல. வாய் கோணுது, ஒரு கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா மணியப் பாத்து குறிச்சுக்கிட்டு உடனே 108-க்கு போன் பண்ணுங்க, திருநீறு எங்கயும் ஓடிப்போகாது. இன்னொன்னும் சொல்லணும். உங்க ஊர்ல மந்திரிக்கிறவரு, ஜெபம் பண்றவரு, ஓதிப் பாக்குறவரு யாரா இருந்தாலும் அவர்கிட்ட நல்லா இருக்கும்போதே பேசி வைங்க, பாம்பு கடிச்சா, நாய் கடிச்சா, இப்படி விழுந்தா நீங்க என்ன சொல்லுவியன்னு கேட்டு வைங்க. டாக்டர் சொன்னாலும் கேக்காத பெரியப்பா கோமரத்தாடி சொன்னதும் வாயத் தொறக்கல பாத்தீங்களா, அதுதான் விஷயம்.

ஐசியூ வெளியில உக்காந்திருக்கோம். உள்ள விடமாட்டாங்க, ஒன்னும் சொல்லமாட்டாங்க, நர்ஸ் வெளிய வந்தா எல்லாரும் எந்திரிப்போம், அவங்க வேற யாரையோ கூப்பிடுவாங்க, உக்காருவோம். அம்மாவுக்கு கை நடுக்கம் நிக்கல. பையில ஒரு மஞ்சத்துணி எப்பவும் வச்சிருப்பா, அதுல ஒரு ரூபா நாணயத்த வச்சு முடிய ஆரம்பிச்சா. மொத முடிச்சு சரியா விழல, நாணயம் கீழ விழுந்து உருண்டு ஒருத்தர் செருப்புக்கு அடியில போயிட்டு, அவரு எடுத்துக் குடுத்தாரு, மறுபடியும் முடிஞ்சா. ரெண்டாவது முடிச்சு போட்டு இறுக்கினதும் கை நடுக்கம் நின்னுச்சு. "அவிய எந்திரிச்சு நடந்து வந்தா சாஸ்தாவுக்கு பொங்கல் வைக்கேன்னு சொல்லிட்டேன்"னா. அப்புறம்தான் தண்ணி குடிச்சா, கொஞ்சம் கண்ண மூடினா.

எனக்கு அன்னைக்குத்தான் ஒன்னு புரிஞ்சுது. செய்றதுக்கு ஒன்னுமே இல்லாத நேரத்துல மனுசனுக்கு ஒரு வேலை வேணும். சாமி கேட்டத குடுக்குமோ குடுக்காதோ, கையில ஒரு வேலையக் குடுத்துரும், பக்கத்துல ஆளையும் குடுத்துரும். ஆளுன்னு ஏன் சொல்றேன்னா, பங்குனி உத்திரத்துக்கு ஒரே வேன்ல போற குடும்பங்களுக்கு சாஸ்தா பேர்ல ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, வருஷம் பூரா அதுல குட்மார்னிங் படம்தான் வரும். அப்பா விழுந்த அன்னைக்கு அதுல ஒரு மெசேஜ் போட்டேன். ராத்திரி யாரு தங்குறது, சாப்பாடு யாரு கொண்டு வர்றது, ரத்தம் வேணும்னா யாருக்கு என்ன குரூப்னு அதுலயே லிஸ்ட் ஓடிருச்சு. வரப்புச் சண்டையில அப்பாவோட முகம் குடுத்துப் பேசாத சித்தப்பா, கோவில்ல மட்டும் ஒரே அடுப்புல பொங்கல் வைப்பாரு, அவரும் ராத்திரி டூட்டிக்கு வந்து பெஞ்சுல படுத்துக் கிடந்தாரு. வேன் வாடகைக்கு என்ன ரிட்டர்ன்னு கேட்டா இதத்தான் நான் காட்டுவேன்.

நம்ம பக்கம் பங்குனி உத்திரம்னா எல்லாருக்கும் சாஸ்தா கோவில்தான், பெரிய கோபுரம் எல்லாம் கிடையாது, குளத்தங்கரையிலயும் காட்டுக்குள்ளயும் வயல் நடுவுலயும் இருக்கும், வருஷத்துல முக்காவாசி நாள் ஆள் நடமாட்டம் இருக்காது. அன்னைக்கு ஒரு நாள் மும்பையில இருந்து அத்தை வருவா, கோயம்புத்தூருல இருந்து மாமா வருவாரு. எது தங்க குடும்பத்து சாஸ்தான்னு தெரியாதவங்க காரையார் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போவாங்க. வெயில்ல கல்லு கூட்டி அடுப்பு மூட்டி புகையில கண்ணெரிஞ்சு பொங்கல் வைக்கிறது பெரிய சொகம் ஒன்னும் இல்ல, இந்த வயசுல முதுகு விட்டுப் போகுது. ஆனாலும் ஒரு வருஷமாவது புள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க, சொந்தக்காரங்க முகமாவது தெரியும்.

நேர்ச்சை விஷயத்துல எனக்குன்னு சில கட்டுப்பாடு வச்சிருக்கேன். கடன் வாங்கி நேரக்கூடாது, சீட்டுப் பணத்துக்குள்ள முடியிற மாதிரி இருக்கணும். அடுத்தவங்க உடம்ப வச்சு நேரக்கூடாது, அதாவது "எம்மவன் அலகு குத்துவான், எம்மவ தீ மிதிப்பா"ன்னு அவங்களக் கேக்காம நீங்க வாக்கு குடுக்கக் கூடாது, உங்களுக்கு வேணும்னா நீங்க மொட்டை போடுங்க. அப்புறம், நேர்ந்தத எழுதி வைங்க. அம்மா நேர்ந்தது பாதி அவளுக்கே மறந்து போச்சு, வீட்டுல ஏதாவது ஒன்னு நடந்தா உடனே "எந்த நேர்ச்சைய விட்டோமோ"ன்னு பயம் வந்துரும். தெம்பு வரட்டும்னு நேர்ந்தது கடைசியில பயத்துக்கு வழியா போயிரக்கூடாது.

பயம்னதும் ஞாபகம் வருது, அப்பா ஆஸ்பத்திரியில இருக்கும்போது ஒரு மதினி ஜாதகத்த எங்கயோ காட்டிட்டு வந்து, தோஷம் இருக்கு, பரிகாரத்துக்கு முப்பத்தஞ்சாயிரம் ஆகும், இல்லன்னா வீட்டுல இன்னொரு உசுருக்கும் ஆபத்துன்னு சொன்னாவ. நானே அந்த ஜோசியருக்கு போன் போட்டேன். "ரசீது குடுப்பியளா சார், எனக்கு கணக்குல எழுதணும்"னேன். லைன் கட்டாயிட்டு. பயம் காட்டிக் கேக்குற காசு எந்த மதத்துக்காரங்க கேட்டாலும் என் நோட்டுல ஏறாது. கோவில் உண்டியல்ல பத்து ரூபா போடுங்கன்னு எந்த சாமியும் மிரட்டுறதில்ல.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பேச்சு சுத்தமா வரல. தண்ணி வேணும்னா கைய காட்டுவாரு, பேர் சொல்ல வராது, கோவத்துல தட்டத் தள்ளி விட்டுருவாரு. ஒரு நாள் சாயங்காலம் அம்மா விளக்கு ஏத்திட்டு வழக்கமா பாடுற முருகன் பாட்ட பாடிட்டு இருக்கா, பின்னாடி இருந்து இன்னொரு குரல். அப்பா. குழறலாத்தான் இருந்துச்சு, ஆனா வார்த்தை வார்த்தையா கூடவே வருது, நாலு வரி வரைக்கும் வந்துச்சு. அம்மா பாட்ட நிறுத்திட்டு அழ ஆரம்பிச்சுட்டா, அவ நிறுத்தினதும் அவருக்கும் நின்னு போச்சு. "எம்மா நீ பாடு, நிறுத்தாத"ன்னு கத்தினேன். முருகனே வந்து பேச வச்சான்னு தெருவே சொல்லிச்சு. பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணுகிட்ட கேட்டேன், அவங்க ஆச்சரியப்படல. பக்கவாதத்துல பேச்சு போனவங்க சில பேருக்கு மனப்பாடமான பாட்டு, ஜெபம், எண்ணுறது இதெல்லாம் வருமாம், புதுசா யோசிச்சு சொல்ற பேச்சும் பாட்டும் மூளையில ஒரே வழியா வர்றதில்லையாம். அதையே பயிற்சியா பண்ணச் சொன்னாங்க, தினமும் கூடச் சேந்து பாடுங்க, நடுவுல ஒரு வார்த்தைய நீங்க விட்டுட்டு அவர சொல்ல விடுங்கன்னாங்க.

அத விடாம செஞ்சோம். எழுபது வயசு மனுசன், ஸ்பீச் தெரபின்னு சொன்னா முகத்த திருப்பிக்குவாரு, விளக்கு ஏத்திட்டு பாடணும்னா உக்காந்துருவாரு. நடக்கிறதும் அப்படித்தான். வீட்டு ஹால்ல நடங்கன்னா கால் வலிக்கும், கோவில் பிரகாரத்துல சுத்து வரணும்னா வாக்கர பிடிச்சுக்கிட்டு கிளம்பிருவாரு. உங்க வீட்டுலயும் இப்படி படுத்துட்டவங்க இருந்தா டாக்டர், பிசியோ சொல்றத அவங்க நம்பிக்கையோட ஒட்டவச்சு பாருங்க. அவங்களுக்கு அது மருந்துன்னு தெரியவே வேண்டாம்.

அம்மை போட்டா நம்ம வீடுகள்ல என்ன செய்வாங்கன்னு யோசிச்சு பாருங்க. தனி பாய், தனி துணி, வாசல்ல வேப்பிலை, வெளி ஆள் உள்ள வரக்கூடாது, அந்த வீட்டு ஆள் விசேஷத்துக்குப் போகக்கூடாது, தலைக்கு தண்ணி ஊத்துற வரைக்கும் இது நடக்கும். தொத்து நோயின்னு சொல்லியிருந்தா எத்தன பேரு கேட்டுருப்பாங்கன்னு தெரியல, ஆத்தா வந்திருக்கான்னா தெருவே கேக்கும். இதுல ஒரு தப்பும் நடக்குது, ஆத்தா வந்திருக்கும்போது டாக்டர்கிட்ட போகக்கூடாதுன்னு நிப்பாங்க. பெரியவங்களுக்கு, மாசமா இருக்கவங்களுக்கு, கைக்குழந்தைக்கு அம்மை போட்டா காத்திருக்கக் கூடாது. கொப்புளம் கண்டு ஒரு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாத்தான் நல்லா வேலை செய்யும். வேப்பிலையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும், இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு அப்புறம் போயிக்கலாம்.

அப்பாவுக்கு அதுக்கப்புறம் ரெண்டாவது தடவை பக்கவாதம் வந்தப்ப தாங்கல, போயிட்டாரு. துட்டி வீட்டுல என்ன நடக்கும்னு நம்ம ஆளுங்களுக்கு சொல்லவேண்டாம். அடுப்பு மூட்டக்கூடாதுன்னு சொல்லி சொந்தக்காரங்க சோறு கொண்டு வந்துருவாங்க, யாரு தீச்சட்டி எடுக்கணும், யாரு மொட்டை போடணும், காடாத்து என்னைக்கு, பதினாறு என்னைக்கு எல்லாம் ஏற்கனவே முடிவான விஷயம், நம்ம யோசிக்க வேண்டியதே இல்ல. தம்பி சாமி கும்பிட மாட்டான், பெரியார் எல்லாம் படிச்சவன். மொட்டை போடுவானா மாட்டானான்னு பெரியப்பாவுக்கு ஒரே கவலை. அவன் ஒன்னும் பேசாம உக்காந்து மொட்டை போட்டுக்கிட்டான், தாமிரபரணியில முங்கி எந்திரிச்சான். அப்புறம் கேட்டேன். "நம்பிக்கையெல்லாம் இல்லக்கா, ஆனா பெங்களூருல என் பிரண்டு அப்பா போனப்ப மின்மயானத்துல அரை மணி நேரத்துல முடிஞ்சுருச்சு, மறுநாள் அவன் லேப்டாப்ப தொறந்து உக்காந்துருந்தான், அடுத்து என்ன செய்யணும்னு அவனுக்குத் தெரியல, எனக்கு பதினாறு நாளும் யாராவது ஒரு வேலை சொல்லிட்டே இருந்தாங்க"ன்னான். நம்புறவங்க மட்டும்தான் இதெல்லாம் செய்யணும்னு இல்லன்னு எனக்கு அவன் சொல்லித்தான் தோணுச்சு.

2023 டிசம்பர் வெள்ளத்த மறக்க முடியாது. டிசம்பர் 17, 18-ல பேஞ்ச மழை, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர். ஆத்துக்குள்ளயே கட்டியிருக்க குறுக்குத்துறை முருகன் கோவில் முழுகிப் போச்சு. அந்தக் கோவில் வழக்கத்த பாருங்க, தண்ணி ஏறப்போகுதுன்னு தெரிஞ்சா உற்சவர், உண்டியல் எல்லாத்தையும் கரையில இருக்க மேலக்கோவிலுக்கு தூக்கிட்டுப் போயிருவாங்க, மூலவர் அங்கயே இருப்பாரு, தண்ணி வடிஞ்சதும் சேறு அள்ளிட்டு மறுபடியும் பூஜை. முருகனே காப்பாத்திக்குவான்னு யாரும் கையக் கட்டிட்டு நிக்கிறதில்ல. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னுபோயி 800 பேரு வரைக்கும் மாட்டிக்கிட்டாங்களே, அவங்களுக்கு பக்கத்து ஊர்க்காரங்கதான் கோவில்ல வச்சு சமைச்சுப் போட்டாங்க. ஊரே தண்ணியில கிடக்கும்போது எப்படி முடிஞ்சுதுன்னு வெளியூர்க்காரங்களுக்கு ஆச்சரியமா இருந்திருக்கும், பாத்திரக் கடைக்காரிக்கு அதுல ஆச்சரியம் இல்ல. கொடை நடத்துற ஒவ்வொரு ஊர்லயும் அம்மன் கோவில் அறையில அண்டா, கிடாரம், சட்டுவம், இரும்பு அடுப்பு எல்லாம் பூட்டிக் கிடக்கும், சாவி யாருகிட்ட இருக்குன்னு ஊருக்கே தெரியும், ஐநூறு பேருக்கு எத்தன படி அரிசி, எவ்வளவு பருப்புன்னு வாயிலயே கணக்குச் சொல்ற ஆளு ஊருக்கு நாலு பேரு இருப்பாங்க. வருஷா வருஷம் சாமிக்குப் படைக்கிற படப்புச் சோறு ஆக்கிப் பழகினதுதான். எங்க ஊர்லயும் மண்டபத்தத் தொறந்து அதே அண்டாவுலதான் கஞ்சி காய்ச்சினோம்.

இது அம்மன் கோவிலுக்கு மட்டும் இல்ல. பாளையங்கோட்டையில எங்க வீட்டுக்கு எதிர் வீட்டு டீச்சர் சிஎஸ்ஐ சர்ச்காரங்க, தினமும் உலையில போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசிய தனி டப்பாவுல போட்டு வச்சு சர்ச்சுக்கு குடுப்பாங்க, அசனம்னு சர்ச்சுல பொது விருந்து வைக்கிற அன்னைக்கு தெருவுக்கே சாப்பாடு உண்டு. ரம்ஜான்ல கடையில கூட வேலை பாக்குற மேலப்பாளையத்து பாய் தூக்குச்சட்டியில நோன்புக் கஞ்சி கொண்டு வருவாரு. பொட்டல்புதூர் தர்காவுக்கு எங்க ஆச்சி காலத்துல இருந்தே நாங்க போறதுண்டு, அங்க வர்ற கூட்டத்துல பாதி நம்ம ஆளுங்கதான். அந்த ஒரு பிடி அரிசி வழக்கத்த நானும் எடுத்துக்கிட்டேன், சர்ச்சுக்கு இல்ல, மாசக் கடைசியில தெருவுல கஷ்டப்படுற ஒருத்தங்களுக்குக் குடுத்துருவேன். கைக்கு பாரமே தெரியாது.

நல்லத மட்டும் எழுதினா அது கணக்கு இல்ல. நம்ம பக்கத்துல சாமி பேரச் சொல்லித்தான் பாதி வெட்டுக்குத்து. கொடைக்கு யாரு உள்ள வரலாம், சப்பரம் எந்தத் தெரு வழியா போகலாம்னு போலீஸ் காவலோட கொடை நடக்குற ஊர் எனக்குத் தெரியும். ஒரு தெருவ விட்டுட்டுப் போற சாமி எப்படி ஊர்ச்சாமின்னு கேட்டா பெரியவங்க முகத்த திருப்பிக்குவாங்க. எங்க ஊர்லயே தாலி அறுத்த பொம்பளைங்ககிட்ட முழு வரி வாங்குவாங்க, முளைப்பாரி எடுக்க மட்டும் வரக்கூடாதும்பாங்க. அப்பா போன பிறகு அம்மாவுக்கும் அதேதான் நடந்துச்சு. அம்மா ஒன்னும் சொல்லல, எனக்குத்தான் பொறுக்கல.

போன கொடைக்கு முன்னாடி ஊர்க்கூட்டத்துல ரெண்டு விஷயம் கேட்டேன். வரவு செலவ சுவத்துல ஒட்டணும், தனியா இருக்க பொம்பளைங்களுக்கு பாதி வரி. மொதல்ல சத்தம் போட்டாங்க, "கோவில் கணக்க பொம்பள கேக்கதா"ன்னு ஒருத்தரு துண்ட உதறிட்டு எந்திரிச்சுட்டாரு. கோமரத்தாடிதான் "கேக்கட்டும்யா, ஆத்தாவும் பொம்பளதானே"ன்னாரு. கணக்க ஒட்டிட்டாங்க, பந்தல் செலவுல கூட்டல் தப்பு இருந்துச்சு, நானே பேனா எடுத்து திருத்தினேன். பாதி வரிக்கும் ஒத்துக்கிட்டாங்க. முளைப்பாரி விஷயம் இன்னும் இழுத்துக்கிட்டுதான் கெடக்கு. வர்ற வைகாசிக்குள்ள எழுதிக் குடுக்கலாம்னு இருக்கோம், சித்தி கையெழுத்து போடுறேன்னுட்டா, மதினி அத்தான்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னுருக்கா.